கீழடியைப் பற்றி எழுத எதை நம்புவது: நாளிதழா, துறை அறிக்கையா, ஆய்விதழா?

போன மாதம் முதுகலை மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வாக்கியம்: “கீழடி நாகரிகம் 2,600 ஆண்டுகள் பழமையானது என்பது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டுள்ளது.” அடிக்குறிப்பில் ஒரு செய்தித்தளத்தின் இணைப்பு.

“எதைம்மா கணிச்சாங்க?” என்று கேட்டேன்.

“கீழடியைத்தான் சார்.”

“கீழடி ஒரு ஊர். ஆய்வகத்துக்கு ஊரை அனுப்ப முடியாதே. எந்தப் பொருளை அனுப்பினாங்க?”

அவரால் சொல்ல முடியவில்லை. அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்த செய்தியில் அந்தத் தகவலே இல்லை. மூன்று வாரத்தில் இயலைத் திருத்தித் தர வேண்டும். அவர் முன்னால் இருந்தவை நாளிதழ்ச் செய்திகள், தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை, ஆய்விதழ்க் கட்டுரைகள், அப்புறம் எல்லோரும் முதலில் திறக்கும் விக்கிப்பீடியாவும் யூடியூபும். இதில் எதை நம்பி எழுதுவது என்பதுதான் அவர் கேள்வி.

நான் அவருக்குச் சொன்னதை இங்கேயும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மூலம் மொத்தமாக நம்பத்தக்கதா என்று கேட்டால் விடை கிடைக்காது. நீங்கள் எழுதப்போகும் இந்த ஒரு வாக்கியத்துக்கு அது சாட்சி சொல்லத் தகுதி உள்ளதா என்று கேளுங்கள். ஒரே நாளிதழ் ஒரு வாக்கியத்துக்கு முதல்தரச் சாட்சியாகவும் அடுத்த வாக்கியத்துக்கு ஒன்றுக்கும் உதவாததாகவும் இருக்கும்.

நாளிதழில் கிடைப்பது

கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2015இல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் அகழாய்வைத் தொடங்கியது. மூன்று கட்டங்களுக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை பொறுப்பேற்றது. அமர்நாத் ராமகிருஷ்ணா தன் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் ஒப்படைத்தார். 2025 மே மாதம் அதில் திருத்தங்கள் வேண்டும் என்று இந்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியது. அவர் தன் முடிவுகளில் உறுதியாக நின்றார். அடுத்த மாதமே இடமாற்றம் செய்யப்பட்டார்.

இந்தப் பத்தியில் உள்ள பெரும்பாலான தகவல்களுக்கு நாளிதழை விட்டால் வேறு நல்ல மூலம் இல்லை. எந்த ஆய்விதழும் ஓர் அதிகாரியின் இடமாற்றத்தைப் பதிவு செய்யாது. துறையின் அறிக்கையில் துறைக்குள் நடந்த பூசல் இருக்காது. யார், என்று, என்ன சொன்னார், எந்தக் கடிதம் எப்போது போனது என்பதற்கெல்லாம் அன்றைய செய்தியாளர்தான் சாட்சி. தேதியோடு, இரண்டு வெவ்வேறு இதழ்களில் சரிபார்த்துவிட்டால் தைரியமாக எழுதலாம். இரண்டும் ஒரே செய்தி முகமையின் வரிகளை அச்சடித்திருந்தால் அது ஒரே சாட்சி என்பதை மட்டும் கவனியுங்கள்.

சிக்கல் காலக்கணிப்பு எண்களுக்கு வரும்போதுதான் தொடங்குகிறது. 2017இல் கீழடியின் முதல் கரிமக் கணிப்புகள் வந்தன. கரி போன்ற பொருளில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறை அது. ஆய்வகம் தந்த எண்கள் 2160±30, 2200±30; அதாவது ‘இன்றிலிருந்து’ இத்தனை ஆண்டுகளுக்கு முன், முப்பது ஆண்டு முன்பின்னாக. “கீழடி 2,200 ஆண்டுகள் பழமையானது” என்று செய்தி பரவியது. படித்தவர்கள் 2017இலிருந்து 2,200ஐக் கழித்தார்கள்.

ஆனால் ஆய்வகம் ‘இன்று’ என்று சொல்வது 1950ஆம் ஆண்டை. உலகம் முழுக்க எல்லா ஆய்வகங்களும் அந்த ஆண்டிலிருந்துதான் பின்னோக்கி எண்ணுகின்றன. அப்படிக் கழித்தால் கி.மு. 250 வருகிறது. அதோடு முடியவில்லை. காற்றில் இருந்த கதிரியக்கக் கரிமத்தின் அளவு காலந்தோறும் ஏறி இறங்கியிருக்கிறது. மர வளையங்களை வைத்துத் தயாரித்த அளவுத்திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்ட பிறகே அந்த எண் நாட்காட்டி ஆண்டாக மாறும். 2200±30ஐ அப்படி மாற்றினால் கிடைப்பது ஒரு நீண்ட இடைவெளி. கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது போகும். தலைப்புச் செய்தியில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. செய்தியாளர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்தது ஆறு பத்தி இடம்.

நாளிதழ் எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஒரு சாடிக்குள் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. ‘வயிர’ என்ற தமிழ்-பிராமி (பழந்தமிழை எழுதிய பிராமி வகை) எழுத்துள்ள பானைத் தாங்கியும் அங்கே கிடைத்ததால் 2011இல் அது பெரிய செய்தி. அதை எழுதிய செய்தியாளர் அகழ்ந்தவரிடம் மட்டும் பேசிவிட்டு நிறுத்தவில்லை. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனிடமும் கேட்டார். ஒரே ஒரு கணிப்பை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்ற அவருடைய எச்சரிக்கையும் அச்சில் வந்தது. ஒரு செய்தியை எடை போட எனக்குத் தெரிந்த விரைவான வழி இதுதான்: கண்டுபிடித்தவரைத் தவிர வேறொரு துறை அறிஞரின் குரல் அதில் கேட்கிறதா? கேட்டால் மேலே படியுங்கள். அமைச்சரின் அறிவிப்பும் ஒரு படமும் மட்டும் இருந்தால் அறிவிப்பு நடந்தது என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாக வையுங்கள்.

துறை அறிக்கை: அட்டவணை வேறு, முடிவுரை வேறு

அந்த 2,600 எங்கிருந்து வந்தது? 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கையை வெளியிட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. மாணவியை என் மேசையிலேயே உட்காரவைத்து அதைத் திறக்கச் சொன்னேன்.

ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580 என்று வந்தது. 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205. அவ்வளவுதான். 580ஐயும் 2019ஐயும் கூட்டினால் 2,599. அதை முழுமையாக்கினால் நாம் மேடையில் கேட்கும் 2,600.

அவர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ இது ஒரு மாதிரியோட காலம்தானா சார்?” என்றார். அந்தக் கேள்வி வந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. கீழடி முழுவதும் கி.மு. 580இல் ஒரே நாளில் எழுந்த ஊர் இல்லை. அந்த மண்ணில் பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். மூன்றரை மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரி அந்த வாழ்வின் ஒரு புள்ளியைக் காட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் அளவுத்திருத்த வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது. அந்த நான்கு நூற்றாண்டில் எப்போது வெட்டிய மரமாக இருந்தாலும் கரிமக் கணக்கில் ஏறக்குறைய ஒரே வயதுதான் காட்டும். இது உலகத்தில் எந்த அகழாய்வுக்கும் உள்ள தலைவலி, கீழடிக்கு மட்டும் வந்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தைச் சேர்ந்த மாதிரிக்கு ஒற்றை ஆண்டைச் சொல்லும்போது அதன் பின்னால் ஓர் அகலமான இடைவெளி இருக்கிறது என்பதை எழுதுபவர் தெரிந்திருக்க வேண்டும்.

துறை அறிக்கையின் பெரிய பலம் இதுதான்: குழி எண், ஆழம், மாதிரி, ஆய்வக முடிவு, பொருள்களின் படம் எல்லாம் அதில் இருக்கும். வேறு எங்கே போனாலும் இவ்வளவு கிடைக்காது. பின்னால் எழுதும் எல்லோரும் இங்கிருந்துதான் எடுக்கிறார்கள். ஊற்றுக்கே போக முடியும்போது குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிற்பானேன்?

பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அகழ்ந்தவரே எழுதுகிறார், அவருடைய துறையே அச்சிடுகிறது, அரசு விழாவில் வெளியிடப்படுகிறது. அச்சுக்குப் போவதற்கு முன் வெளியாள் யாராவது முடிவுகளைக் கேள்வி கேட்டார்களா என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை. மாநிலத் துறை, மத்தியத் துறை இரண்டுக்கும் இது பொருந்தும். நமக்குப் பிடித்த முடிவைச் சொல்கிற துறைக்குச் சலுகை தரக் கூடாது.

அதனால் நான் மாணவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லித்தருகிறேன். அறிக்கையின் அட்டவணையில் இருப்பதை நேரடியாக எழுதுங்கள்: “353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580.” முடிவுரையில் இருப்பதைச் சொன்னவர் பெயரோடு எழுதுங்கள்: “இதை வைத்து, தமிழ்-பிராமி எழுத்து கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது என்று துறை கருதுகிறது.” முதலாவது அளந்தது. இரண்டாவது அளந்ததிலிருந்து ஒருவர் எடுத்த முடிவு. கீழடியின் அந்தக் கட்டத்தில் எழுத்துள்ள பானை ஓடுகள் 56 கிடைத்தன. ஓட்டின் வயதை ஆய்வகம் நேராக அளக்கவில்லை. அதே அடுக்கில் கிடைத்த கரிமத்தின் வயதை ஓட்டுக்கும் பொருத்துகிறார்கள். அந்தப் பொருத்தம் எவ்வளவு உறுதியானது என்பது மண்ணடுக்கு குலையாமல் இருந்ததா என்பதைப் பொறுத்தது. பிற்காலத்தில் யாராவது குழி தோண்டியிருந்தால், எலி வளை போட்டிருந்தால்கூட மேலே உள்ளது கீழே இறங்கிவிடும்.

சிவகளைக்கும் இதே கண்ணோடு போகலாம். 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதியது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 3345. மறுநாள் எல்லா இதழ்களிலும் “5,300 ஆண்டு”. இந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது, ஒரே ஆய்வகத்தை நம்பாமல் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் என்று மூன்று இடங்களுக்கு மாதிரிகளை அனுப்பியது. கரித்துண்டுகளோடு மண்பாண்டங்களையும் வேறொரு முறையில் கணித்திருக்கிறார்கள். ஒற்றைக் கணிப்பு என்று பொருந்தல் காலத்தில் எழுந்த கேள்விக்கு இது நல்ல பதில்.

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி மிச்சம் இருக்கிறது. கரியின் கணிப்பு, மரத்தின் அந்தப் பகுதி வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும். வயதான மரத்தின் உள்ளே இருக்கும் பழைய வைரக்கட்டையை எரித்திருந்தால் கரி இரும்பைவிட மூத்ததாக இருக்கும். இந்த ஐயத்தைப் போக்கக் குறுகிய ஆயுள் உள்ள தானியம் மாதிரியான பொருள் உதவும். பொருந்தலில் நெல்லைக் கணித்ததன் அருமை அப்போதுதான் புரியும்: நெல் ஒரு பருவத்தில் விளைந்து முடிந்துவிடும்.

ஆய்விதழ்: மெதுவானது, ஆனால் விவாதம் நடக்கும் இடம்

ஆய்விதழ்க் கட்டுரை அச்சாகுமுன் அதே துறையின் வேறு ஆய்வாளர்கள் படித்துக் கேள்வி கேட்கிறார்கள். அதற்குச் சில மாதங்கள் ஆகும், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். பல இதழ்களைப் படிக்கக் காசு கேட்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். மூன்று வாரத்தில் இயலை முடிக்க வேண்டியவருக்கு இது பெரிய தடை என்பது எனக்குத் தெரியும்.

இருந்தாலும் ஒன்றையாவது படித்துவிடச் சொன்னேன். ராபின் கானிங்ஹாமும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் கேம்பிரிட்ஜின் தொல்லியல் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை அது. இலங்கையின் அநுராதபுரத்தில் பிராமி எழுத்துள்ள ஓடுகள் அசோகருக்கு முந்தைய அடுக்குகளில் கிடைத்தன, கி.மு. நான்காம் நூற்றாண்டு வரை போகின்றன என்பது அவர்கள் வாதம். நம் கீழடி விவாதத்தின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம். எந்த அடுக்கில் என்ன கிடைத்தது, அடுக்குகள் எப்படித் தேதியிடப்பட்டன, இதற்கு எதிராக என்ன சொல்ல முடியும் என்று எழுதியவர்களே அடுக்கிக்கொண்டு போகிறார்கள். தன் வாதத்தின் பலவீனத்தைத் தானே எடுத்து வைக்கும் இந்தப் பழக்கத்தை அரசு அறிக்கைகளில் காண்பது அரிது.

இவ்வளவு கவனமாக எழுதிய கட்டுரையோடும் விவாதம் முடியவில்லை. ஜெர்மானிய அறிஞர் ஹாரி ஃபால்க் போன்றவர்கள் இந்த முற்காலத் தேதிகளை ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் படித்தால்தான் நம் ஊர் ஓடுகளைப் பற்றிய கேள்வி உள்ளூர்ப் பெருமைக்கும் வெளியூர்ப் பொறாமைக்கும் இடையிலான சண்டை இல்லை என்பது தெரியவரும். மண்ணடுக்கை எவ்வளவு நம்பலாம் என்று உலகம் முழுக்க நடக்கும் பேச்சின் ஒரு பகுதி அது.

சரி, ‘ஆய்விதழ்’ என்று அட்டையில் போட்டிருந்தால் போதுமா? போதாது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் கல்லூரிகளில் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

2013இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் வேண்டுமென்றே பெரும் பிழைகள் வைத்த ஒரு கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. சில வருடங்களுக்கு முன் எனக்கும் ஓர் அனுபவம். ஒரு மாணவரின் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பினோம். அனுப்பி இரண்டாம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது, கூடவே பணம் கட்ட வங்கிக் கணக்கு எண். கட்டுரையில் ஒரு மேற்கோள் பாதியில் அறுந்து நின்றது. அதைக்கூட யாரும் பார்க்கவில்லை. நானும் பிறகுதான் கவனித்தேன், திருத்தி அனுப்பலாம் என்றால் அதற்குள் அச்சாகிவிட்டது. மாணவரின் பெயரோடு அந்த அறுந்த வரி இன்றும் அங்கே இருக்கிறது. நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்போது எங்களை நம்பவைத்தது ஐ.எஸ்.எஸ்.என். எண். அது இதழுக்கு ஓர் அடையாள எண், வண்டிக்குப் பதிவெண் மாதிரி. வண்டி ஓடுமா என்பதை அது சொல்லாது. பல்கலைக்கழக மானியக்குழு தரமான இதழ்களுக்கென்று ‘கேர்’ பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்தது. இனி இதழைப் பார்த்து முடிவெடுப்பது ஆய்வாளர், நெறியாளர் தலையில். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையில் எழுதியிருக்கிறார்களா, ஒரே இதழில் பொறியியலும் சங்க இலக்கியமும் நர்சிங்கும் கலந்து கிடக்கிறதா, ஏற்பு எத்தனை நாளில் வருகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நல்ல இதழும் தவறும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் வந்தது உலகப்புகழ் பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழில். வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதன் உள்விவகாரத்தைத் தோண்டி எடுத்தவர் பிரையன் டீர் என்ற நாளிதழ்ச் செய்தியாளர். இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற 2010 ஆனது. மேற்கோள் காட்டும் முன் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று இதழின் தளத்தில் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மற்றவை

விக்கிப்பீடியாவைத் திறக்காதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலுக்காகவே திறக்கலாம். அங்கிருந்து மூலத்துக்குப் போய்விட வேண்டும். யூடியூபில் அகழ்ந்தவரே பேசும் உரை என்றால் அதை நேர்காணலாக எடுத்துக்கொண்டு தேதியோடு குறிப்பிடலாம். வேறு யாரோ ஒருவர் உணர்ச்சிகரமான இசையோடு விளக்கினால் ரசித்துவிட்டு மூடிவிடுங்கள்.

வெளியாகாத அறிக்கைகளில் கூடுதல் கவனம் வேண்டும். கீழடியின் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு வரை போகிறது என்று அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கை சொல்வதாகப் பலரும் எழுதுகிறார்கள். பெரும்பாலானோர் அந்த 982 பக்கங்களைப் பார்த்ததில்லை, செய்தியில் வந்ததைத்தான் பார்த்தார்கள். அப்படியானால் அடிக்குறிப்பில் அந்தச் செய்தியின் பெயர்தான் வர வேண்டும், அறிக்கையின் பெயர் வரக் கூடாது. படிக்காததைப் படித்ததாகக் காட்டும் அடிக்குறிப்பை நான் ஆய்வேட்டில் விடுவதில்லை.

யாருக்கு எது

பள்ளிப் பிள்ளையின் செயல்திட்டத்துக்குத் துறை அறிக்கையின் தமிழ்ப் பதிப்பு போதும். படங்களும் இருக்கின்றன. பிள்ளை ‘துறை சொல்கிறது’ என்று எழுதப் பழகினால் அதுவே நல்ல தொடக்கம். வார இதழுக்குக் கட்டுரை எழுதுபவர் அறிக்கையின் அட்டவணையோடு, அதை ஏற்காத ஓர் அறிஞரிடமாவது பேசிவிட வேண்டும். கீழடியைச் சுற்றிய அரசியலை எழுதுபவருக்கு நாளிதழ்கள்தான் முதல் மூலம், அங்கே ஆய்விதழைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆய்வேடு எழுதுபவருக்கு மூன்றும் வேண்டும். நேரம் குறைவென்றால் அறிக்கையை முழுதாக, ஆய்விதழில் எதிரும் புதிருமாக இரண்டு கட்டுரை, நாளிதழைக் கடைசியாக. என் மாணவி இதை நேர் தலைகீழாகச் செய்திருந்தார்.

பத்து நாள் கழித்து இயல் திரும்பி வந்தது. முதல் பக்க வாக்கியம் இப்படி மாறியிருந்தது: “கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டுள்ளது. இதனடிப்படையில் இவ்வாழ்விடம் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என மாநிலத் தொல்லியல் துறை முடிவுக்கு வருகிறது.” முன்பைவிட நீளம்தான். எனக்கு அதில் ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை.

ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: “இந்த மாதிரி கிடைத்த அதே குழியில், அதே ஆழத்தில் எழுத்துள்ள ஓடு உண்டா? படங்களின் பட்டியலில் பார்க்கணும்.” நூலகத்தில் அந்தப் பட்டியலோடுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறார்.